கணினிக் கடிகாரத்துக்கு ஒரு வினாத்தாள்

கணினி ஆய்வகத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. கோடை விடுமுறை முடிந்து கணினிகளை இயக்கினால், இரண்டு மூன்று கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தாய்ப்பலகையில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனதே காரணம். இணையப் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

அப்படி மாற்றுவதற்கு முன், 12ஆம் வகுப்பு மாணவர்களை அந்தக் கணினியின் முன் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "இந்தக் கணினியில் இயக்க அமைப்பின் நேரச் செயற்கூறுகள் சரியாக வேலை செய்கின்றனவா?" தேதியே தப்பாக இருக்கிறதே, எப்படிச் சரியாகும் என்பார்கள். ஆனால் அந்தச் செயற்கூறுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுக்கும் தரநிலை ஒன்று இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால், தேதி தப்பாக இருப்பதை அது பிழையாகவே கருதவில்லை என்று தெரியும். அந்த இடத்திலிருந்து மூன்று பாடவேளைகளுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன். கணினி ஆசிரியர்களுக்கான கட்டுரை என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வினாத்தாள் தயாரிப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள் எல்லோருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

தரநிலை என்ன உறுதி தருகிறது?

யூனிக்ஸ் வகை இயக்க அமைப்புகள் பல நிறுவனங்களிடமிருந்து பலவிதமாக வெளிவந்த காலத்தில், ஒன்றில் எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாமல் போயிற்று. இதைத் தீர்க்க 1988இல் வெளியிடப்பட்டதுதான் போசிக்ஸ் என்ற தரநிலை. அந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1993இல் வந்த நிகழ்நேர விரிவாக்கத்தில் கடிகாரச் செயற்கூறுகள் சேர்ந்தன. கடைசிப் பதிப்பு 2024இல் வந்தது. ஆப்பிளின் மேக் ஓஎஸ், இந்தத் தரநிலையை உள்ளடக்கிய யூனிக்ஸ் சான்றிதழைப் பெற்றது. லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை சான்றிதழ் வாங்காமலே பெருமளவு இதைப் பின்பற்றுகின்றன.

கடிகாரத்துக்கென்று முதன்மையான செயற்கூறுகள் மூன்று. நேரத்தைப் படிக்க கிளாக்_கெட்டைம், நேரத்தை மாற்றி வைக்க கிளாக்_செட்டைம், கடிகாரத்தின் மீச்சிற்றளவைக் கேட்க கிளாக்_கெட்ரெஸ். (விசைப்பலகையில் இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் அடிக்கோட்டுடன் தட்டச்சு செய்ய வேண்டும்.) இவற்றோடு, குறிப்பிட்ட நேரம் நிரலை உறங்க வைக்கும் நானோஸ்லீப் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடிகாரங்களும் ஒன்றல்ல. 'ரியல்டைம்' என்பது தலைமையாசிரியர் அறைச் சுவர்க்கடிகாரம் போன்றது. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளை அது சொல்லும். அனுமதி உள்ளவர் அதை முன்னும் பின்னும் திருப்பி வைக்கலாம். 'மோனோடானிக்' என்பது விளையாட்டு ஆசிரியரின் நிறுத்துக்கடிகாரம் போன்றது. எப்போது தொடங்கியது என்பது முக்கியமில்லை, அதை யாரும் திருப்பி வைக்கவும் முடியாது. ஒருபோதும் பின்னோக்கிப் போகக் கூடாது என்பது ஒன்றே அதன் அடிப்படை விதி. இது 2000ஆம் ஆண்டில்தான் தரநிலைக்குள் வந்தது.

இப்போது அந்தப் பேட்டரி தீர்ந்த கணினிக்கு வருவோம். 1970இலிருந்து எண்ணிய விநாடிகளுக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள தொடர்பை, தரநிலை வரையறுக்காமலே விட்டிருக்கிறது. ஆகவே, ஆண்டையே தப்பாகக் காட்டும் கணினி தரநிலையின் எந்த விதியையும் மீறவில்லை. இது ஆவணம் எழுதியவர்களின் மறதி அல்ல. சரியான நேரத்தை ஓர் இயக்க அமைப்பு தானாக அறிய வழியில்லை. மனிதரோ, இணையத்தில் உள்ள நேரச் சேவையகமோ சொல்ல வேண்டும். தன்னால் நிறைவேற்ற முடியாத ஒன்றுக்கு அது உறுதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

'வேண்டும்' என்பதும் '-லாம்' என்பதும்

தரநிலை ஆவணத்தில் சில சொற்களுக்குக் கண்டிப்பான பொருள் உண்டு. ஒன்று கட்டாயம், ஒன்று அனுமதி, ஒன்று 'செய்பவர் விருப்பம், ஆனால் எழுதி வைக்க வேண்டும்', ஒன்று 'வரையறுக்கப்படவில்லை'. தமிழில் இதை விளக்குவது எளிது. 'வேண்டும்', 'கூடாது', '-லாம்' என்று வினைமுடிவிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. நானோஸ்லீப்பைப் பற்றித் தரநிலை சொல்வதன் சாரத்தை நான் கரும்பலகையில் இப்படி எழுதுவேன்:

"கேட்ட நேரத்தைவிட உறக்கம் குறையக் கூடாது. மீச்சிற்றளவின் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்குவதாலும், கணினிக்கு வேறு வேலைகள் இருப்பதாலும் உறக்கம் கூடலாம். இடையில் ஒரு சமிக்ஞை வந்தால் முன்கூட்டியே எழலாம். அப்போது, இடைமறிக்கப்பட்டது என்ற பிழையைத் தெரிவிக்க வேண்டும்."

இதற்கு ஒரு சோதனை எழுதுங்கள் என்றால், பெரும்பாலான குழுக்கள் ஒரே மாதிரிதான் எழுதும். 100 மில்லி விநாடி உறங்கச் சொல். முன்னும் பின்னும் நேரம் பார். வித்தியாசம் 99க்கும் 101க்கும் இடையில் இருந்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் தோல்வி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் தப்பு. 99.5 மில்லி விநாடியில் எழுந்துவிட்ட இயக்க அமைப்பு விதியை மீறியிருக்கிறது. இந்தச் சோதனை அதைத் தேர்ச்சி பெற வைக்கிறது. 130 மில்லி விநாடி உறங்கிய இயக்க அமைப்பு எந்த விதியையும் மீறவில்லை; அதைத் தோல்வியடைய வைக்கிறது. '-லாம்' என்று இருப்பதை 'வேண்டும்' என்று படித்ததன் விளைவு இது.

விடைக்குறிப்பில் நாம் செய்வதையும் இங்கே யோசிக்கலாம். "காரணம் கூறுக" என்ற வினாவுக்கு விடைக்குறிப்பில் இருக்கும் காரணத்தை விட்டுவிட்டு, இன்னொரு சரியான காரணத்தை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைகிறது. பாடநூல் வாக்கியத்தை அப்படியே எழுதியவர், பொருள் புரியாமல் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் வாங்குகிறார். கேட்காததை எதிர்பார்ப்பதும், கேட்டதைச் சோதிக்காமல் விடுவதும் ஒரே வினாவில் சேர்ந்தே நிகழும்.

நான் வகுப்பில் வலியுறுத்துவது ஒரு நடைமுறை: சோதனை நிரலை எழுதுவதற்கு முன், "எந்த நடத்தையைப் பார்த்தால் இது தோல்வி என்று சொல்வாய்?" என்பதை நோட்டில் ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அந்த வாக்கியம் தரநிலையில் எந்த வாக்கியத்துக்கு எதிரானது என்றும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நிரல் எழுத அனுமதி இல்லை.

மோனோடானிக் கடிகாரத்தில் இதே பிழை இன்னொரு வடிவத்தில் வரும். அடுத்தடுத்து இருமுறை படித்தால், இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று சோதனை எழுதுவார்கள். விதியோ பின்னோக்கிப் போகக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது; சமமாக இருக்கலாம். விண்டோஸ் கணினியில் பைத்தான் 3.13க்கு முந்தைய பதிப்பு ஏதேனும் இருந்தால் இதைக் கண்ணால் காட்டலாம். அதில் மோனோடானிக் கடிகாரத்தின் மீச்சிற்றளவு 0.015625 விநாடி, அதாவது விநாடியில் 64இல் ஒரு பங்கு. தொடர்ந்து படித்தால் ஒரே எண் வரிசையாக வந்துகொண்டே இருந்து, பிறகு சட்டென்று அடுத்த எண்ணுக்குத் தாவும். 'பெரியது' என்ற குறிக்குப் பதில் 'பெரியது அல்லது சமம்' என்ற குறி. கணிதத்தில் சமனிலிகளை நடத்தும்போது, "இந்தச் சின்னக் கோடு எதற்கு சார்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு நல்ல பதில் இது.

மீச்சிற்றளவு என்ற சொல்லை இயற்பியல் ஆசிரியர்களிடமிருந்து கடன் வாங்கினேன். வெர்னியர் அளவியில் நாம் சொல்லித்தருவது அப்படியே இங்கும் பொருந்துகிறது. ரியல்டைம் கடிகாரத்தின் மீச்சிற்றளவு 2 கோடி நானோ விநாடியைத் தாண்டக் கூடாது என்பது தரநிலையின் வரம்பு. அதாவது 20 மில்லி விநாடி, விநாடியில் 50இல் ஒரு பங்கு. இன்றைய லினக்ஸில் கிளாக்_கெட்ரெஸ் பொதுவாக 1 நானோ விநாடி என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிக்கலாம். ஆனால், உண்மையிலேயே ஒவ்வொரு நானோ விநாடியையும் அது பிரித்தறிகிறதா என்பதை அடுத்தடுத்துப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை படிப்பதற்கே பல நானோ விநாடிகள் ஆகிவிடுகின்றன. அளவுகோலில் கோடுகள் நெருக்கமாக இருப்பதும், அளவு துல்லியமாக இருப்பதும் வேறு வேறு.

தவறான உள்ளீட்டுக்கும் விடை உண்டு

நல்ல தரநிலை, சரியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதோடு நிற்பதில்லை. தவறாகக் கேட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. நேரத்தை விநாடி, நானோ விநாடி என்று இரு பகுதிகளாகக் கொடுக்க வேண்டும். நானோ விநாடிப் பகுதி சுழியத்துக்குக் குறைந்தாலோ, 100 கோடியைத் தொட்டாலோ, தவறான மதிப்பு என்ற பிழையைத் திருப்பித் தர வேண்டும். 11ஆம் வகுப்பில் சி++ கற்ற மாணவர்கள் நானோஸ்லீப்பைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். இதற்குச் சிறப்பு அனுமதி எதுவும் தேவையில்லை. எந்த எண்களைக் கொடுத்துப் பார்ப்பது? 99,99,99,999 ஏற்கப்பட வேண்டும். 100,00,00,000 மறுக்கப்பட வேண்டும். கழித்தல் 1 மறுக்கப்பட வேண்டும். 0 ஏற்கப்பட வேண்டும். நடுவில் 50 கோடியைக் கொடுத்துப் பார்ப்பதால் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு. எல்லையில்தான் பிழைகள் குடியிருக்கும்.

பைத்தானில் மட்டும் செய்வதென்றால், டைம் தொகுதியில் உள்ள கிளாக்_கெட்டைம் செயற்கூறுக்கு 9999 என்று இல்லாத கடிகார எண்ணைக் கொடுக்கச் சொல்லலாம். லினக்ஸில் 22ஆம் எண் பிழை வரும். அதன் பொருள் தவறான மதிப்பு என்பது.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. சாதாரணப் பயனர் ஒருவர் ரியல்டைம் கடிகாரத்தை மாற்ற முயன்றால் அனுமதி இல்லை என்ற பிழை வர வேண்டும். நானோ விநாடி எண் எல்லை மீறியிருந்தால் தவறான மதிப்பு என்ற பிழை வர வேண்டும். சாதாரணப் பயனர், எல்லை மீறிய எண்ணோடு மாற்ற முயன்றால்? இரண்டில் எது வந்தாலும் சரி. ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் இருந்தால் எதை முதலில் கண்டுபிடிப்பது என்ற வரிசையைப் போசிக்ஸ் கட்டாயமாக்கவில்லை. எனவே ஒரே நேரத்தில் இரண்டு தவறுகளைச் செய்து பார்த்து, குறிப்பிட்ட ஒரு பிழை எண்ணை எதிர்பார்க்கும் சோதனை பயனற்றது. ஒரு சோதனையில் ஒரு தவறு மட்டும். ஒரே கணக்கில் பின்னக் கூட்டலையும் அலகு மாற்றத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, தவறு செய்த குழந்தைக்கு எது வரவில்லை என்று தெரியாமல் நாம் விழிப்பதும் இதே சிக்கல்தான். தொடக்க நிலையில் எழுத்தறிவும் எண்ணறிவும் மதிப்பிடும் ஆசிரியர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

ஐந்து தீர்ப்புகள்

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. போசிக்ஸ் இணக்கத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்கே 1991இல் தனித் தரநிலை ஒன்று வந்தது. அதில் சோதனை முடிவுகள் தேர்ச்சி, தோல்வி என்று இரண்டோடு நிற்கவில்லை. முடிவாகாதது, வசதி இல்லாதது, சோதிக்கப்படாதது என்று இன்னும் மூன்று உண்டு. பின்னாளில் உருவான 'ஓப்பன் போசிக்ஸ் டெஸ்ட் சூட்' என்ற கட்டற்ற சோதனைத் தொகுப்பும் இந்த ஐந்தையே பயன்படுத்துகிறது. அது இப்போது 'லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்' என்ற பெரிய தொகுப்புக்குள் இருக்கிறது; யாரும் தரவிறக்கிப் படிக்கலாம். ஒவ்வொரு செயற்கூறுக்கும் தரநிலை சொல்லும் உறுதிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதி, அந்த எண்ணையே சோதனைக் கோப்புக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். எந்தச் சோதனை எந்த வாக்கியத்துக்கு என்று தேட வேண்டியதே இல்லை.

அந்த மூன்று கூடுதல் தீர்ப்புகள் எதற்கு? கடிகாரத்தை மாற்றி வைக்கும் சோதனையைச் சாதாரணப் பயனராக ஓட்டினால், நிர்வாகியான ரூட் பயனராக ஓட்டும்படி செய்தி காட்டி, 'சோதிக்கப்படாதது' என்று முடிந்துவிடும். தேர்ச்சி என்றும் சொல்லாது, தோல்வி என்றும் சொல்லாது. சோதனைக்குத் தேவையான முன்னேற்பாடு ஒன்று நடுவில் தவறிவிட்டால், உதாரணமாகச் சமிக்ஞை அனுப்ப முடியாமல் போனால், 'முடிவாகாதது'. மோனோடானிக் கடிகாரம் 2001 பதிப்பில் விருப்பப் பகுதியாகவே இருந்தது. அது இல்லாத அமைப்பில் அந்தச் சோதனை 'வசதி இல்லாதது' என்று முடியும், அமைப்பின் இணக்கத்துக்கு அதனால் குறைவில்லை.

நமக்கு இது புதிதல்ல. மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வராத மாணவருக்கு நாம் 0 போடுவதில்லை. வரவில்லை என்று தனியாகக் குறிக்கிறோம். ஏனென்றால் 0 என்பது அந்த மாணவரைப் பற்றிய செய்தி, வரவில்லை என்பது தேர்வைப் பற்றிய செய்தி. ஆனால் வினா வாரியாக மதிப்பிடும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறோம். வினா புரியாமல் விட்டது, அச்சுப் பிழையால் விடையளிக்க முடியாமல் போனது, அந்தப் பாடத்தையே இன்னும் நடத்தி முடிக்காதது எல்லாம் ஒரே 0க்குள் அடங்கிவிடுகின்றன. பிறகு அந்த 0களைக் கூட்டி, எந்தக் கற்றல் விளைவில் வகுப்பு பின்தங்கியிருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறோம். அலகுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது என் குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்கிறேன். மதிப்பெண்ணை அது மாற்றாது. அடுத்த வாரம் எதைத் திரும்ப நடத்துவது என்பதை மாற்றும்.

கடிகாரத்தைக் கடிகாரத்தாலேயே அளப்பது

மாணவர்கள் தாமாகவே வந்து சேரும் ஒரு கேள்வி உண்டு. கடிகாரத்தைச் சோதிக்கிறோம், ஆனால் உறங்கிய நேரத்தை அளப்பதும் அதே கணினியின் கடிகாரத்தால்தான். கடிகாரமே தப்பாக இருந்தால்? வெளியிலிருந்து ஒரு நிறுத்துக்கடிகாரம் கொண்டுவரலாம். ஆனால் கையால் அழுத்தும் தாமதம், நாம் அளக்க விரும்பும் மில்லி விநாடிகளைவிட மிகப் பெரியது. ஆகவே சோதனைகள், நேரம் எவ்வளவு என்று கேட்பதைத் தவிர்த்து, உறவுகளைக் கேட்கின்றன. இது அதற்குப் பின்னா? இது அதைவிடக் குறையாததா? மாற்றி வைத்த பிறகு படித்தால் மாற்றிய மதிப்பிலிருந்து தொடர்கிறதா?

இதில் ஒரு நல்ல புதிர் இருக்கிறது. உறக்கம் குறையக் கூடாது என்பதைத் தரநிலை ரியல்டைம் கடிகாரத்தின்படி அளக்கச் சொல்கிறது. இன்னோரிடத்தில், ஒருவர் "10 விநாடி உறங்கு" என்று கேட்டு உறங்கிக்கொண்டிருக்கும்போது ரியல்டைம் கடிகாரத்தை யாராவது திருப்பி வைத்தால், அந்த உறக்கம் பாதிக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது. சுவர்க்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாலும் 10 விநாடியில் எழ வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்த லினக்ஸ் உருவாக்குநர்கள், உறக்கத்தை மோனோடானிக் கடிகாரத்தால் அளக்கிறார்கள். ஒரு வாக்கியத்தின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சோதனை எழுதினால், சோதனையின் நடுவே இணைய நேரச் சேவை கடிகாரத்தைத் திருத்திய அந்தக் கணத்தில் சோதனை பொய்த் தோல்வி காட்டும். "மாலை 6 மணிக்கு எழுப்பு" என்பது வேறு வகை. அது முழு நேரக் குறிப்பு. கடிகாரத்தைத் திருப்பினால் அது புதிய நேரத்தையே பின்பற்ற வேண்டும். இந்த இரு வகைகளையும் சமையல்கட்டு உதாரணத்தோடு சொன்னால் 8ஆம் வகுப்புக்கே புரிகிறது: அரிசி 20 நிமிடம் வேக வேண்டும் என்பது ஒன்று, 8 மணிக்குள் சாப்பாடு தயாராக வேண்டும் என்பது மற்றொன்று.

2012 ஜூலை 1

எல்லாச் சோதனைகளிலும் தேர்ச்சி பெற்ற அமைப்பு, ஒருநாள் தடுமாறுவது எப்படி என்பதற்கு இந்த நாளைச் சொல்வேன். பூமியின் சுழற்சியோடு கடிகாரங்களைப் பொருத்தி வைக்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு லீப் விநாடி சேர்க்கப்படுகிறது. 1972 முதல் இதுவரை 27 முறை. கடைசியாக 2016 டிசம்பர் 31. போசிக்ஸ் கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் மிகச் சரியாக 86,400 விநாடிகள்தாம். லீப் விநாடிக்கு அதில் இடமே இல்லை. எனவே அது வரும்போது இயக்க அமைப்பு ஒரே விநாடியை இருமுறை எண்ணிச் சமாளிக்கிறது.

2012 ஜூன் 30 நள்ளிரவு, உலகப் பொது நேரம். நமக்கு ஜூலை 1, ஞாயிறு அதிகாலை 5 மணி 29 நிமிடம் 60ஆவது விநாடி. லினக்ஸ் கருவகம் லீப் விநாடியைச் சேர்த்தது. ஆனால் விழிப்பு நேரங்களைக் கவனிக்கும் உட்பகுதிக்கு அந்த மாற்றம் தெரிவிக்கப்படவில்லை. அந்தப் பகுதி, நேரம் ஒரு விநாடி முந்தி ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. விளைவு, "இன்ன நேரத்தில் எழுப்பு" என்று ஒரு விநாடிக்கும் குறைவான காலம் காத்திருக்கக் கேட்ட நிரல்கள் உடனே எழுப்பப்பட்டன. எழுந்து பார்த்தால் நேரம் ஆகவில்லை, மறுபடி உறங்கின, மறுபடி உடனே எழுப்பப்பட்டன. செயலிகள் இந்தச் சுழலிலேயே முழு வேகத்தில் சுற்றின. ரெட்டிட், மோசில்லா போன்றவற்றின் சேவையகங்கள் திணறின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானப் பயணிகளும் பதிவு அமைப்பு முடங்கியதால் காத்திருந்தார்கள். நிர்வாகிகள் கண்டுபிடித்த உடனடித் தீர்வு வேடிக்கையானது: கணினியின் தேதியை அதே தேதிக்கே மாற்றி வைப்பது. கடிகாரம் மாற்றப்பட்டது என்ற செய்தி அந்த உட்பகுதிக்குப் போனதும் எல்லாம் அடங்கிற்று.

நேரம் வருவதற்கு முன் எழுப்பக் கூடாது என்ற விதி தரநிலையில் இருந்தது. ஆனால் சாதாரண நாளில் ஓட்டிய எந்தச் சோதனையிலும் இந்தப் பிழை வெளிப்படாது. அது நிகழத் தேவையான சூழலே பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. கருவகத்தின் நேரப் பகுதியைப் பராமரிக்கும் ஜான் ஸ்டல்ட்ஸ் எழுதிய சோதனை நிரல் ஒன்று இதற்கு விடையாக அமைந்தது. அது லீப் விநாடிக்காகக் காத்திருப்பதில்லை. கடிகாரத்தை நள்ளிரவுக்குச் சற்று முன்னால் வைத்து, லீப் விநாடி வரப்போகிறது என்று கருவகத்திடம் சொல்லி, அதையே திரும்பத் திரும்ப நிகழ்த்துகிறது; முன்கூட்டியே எழுப்பும் அந்தப் பழைய பிழையையும் தேடுகிறது.

2017 புத்தாண்டு நள்ளிரவு லீப் விநாடியில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மென்பொருள் தடுமாறியது வேறு காரணத்தால். அங்கே இயக்க அமைப்பின் மேல் குற்றமில்லை. சுவர்க்கடிகார நேரங்கள் இரண்டைக் கழித்தால் விடை எதிர்ம எண்ணாக வராது என்று நிரல் நம்பியிருந்தது, வந்துவிட்டது. கால அளவுக்கு மோனோடானிக் கடிகாரம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பயன்படுத்திய கோ மொழியில் அதே ஆண்டு வந்த 1.9 பதிப்பில், நேர மதிப்போடு மோனோடானிக் அளவும் சேர்த்து வைக்கப்பட்டது.

வகுப்பறையில் நடத்த

லினக்ஸ் உள்ள கணினி ஒன்று இருந்தாலும் போதும். பைத்தானின் டைம் தொகுதியில் கெட்_கிளாக்_இன்ஃபோ என்ற செயற்கூறு, கடிகாரத்தின் மீச்சிற்றளவையும், அது பின்னோக்கிப் போகாததா என்பதையும், திருத்தப்படக் கூடியதா என்பதையும் சொல்லும். விண்டோஸிலும் இது ஓடும். முதல் பாடவேளையில் கரும்பலகையில் விதிகளை எழுதி, 'வேண்டும்', '-லாம்' என்பவற்றை அடிக்கோடிட வைக்கிறேன். இரண்டாவதில் குழுவுக்கு ஒரு விதி. மூன்றாவதில் ஒரு குழுவின் சோதனையை மற்றொரு குழு ஓட்டி, ஐந்தில் ஒரு தீர்ப்பை எழுதி, காரணமும் எழுத வேண்டும். அனுமதிப் பிழையைச் சோதிக்கும் குழுவிடம், கடிகாரத்தை மாற்றும் செயற்கூறுக்குத் தற்போதைய நேரத்தையே கொடுக்கச் சொல்லுங்கள். தவறுதலாக அனுமதி கிடைத்துவிட்டாலும் கணினியின் நேரம் கெடாது. உண்மையிலேயே கடிகாரத்தைத் திருப்பும் சோதனைகளை மெய்நிகர் கணினியில் மட்டும் செய்யுங்கள். இணையவழித் தேர்வு நடக்கும் ஆய்வகக் கணினிகளில் வேண்டாம்.

கணினியே இல்லாத பள்ளியிலும் ஒரு பகுதியைச் செய்யலாம். 1970 ஜனவரி 1 முதல் 2000 ஜனவரி 1 வரை எத்தனை விநாடி என்று 7ஆம் வகுப்பிடம் கேளுங்கள். 30 ஆண்டுகள், அவற்றில் 7 லீப் ஆண்டுகள்; மொத்தம் 10,957 நாள்கள்; 86,400ஆல் பெருக்கினால் 94,66,84,800. பைத்தானின் காலண்டர் தொகுதியில் உள்ள டைம்ஜிஎம் செயற்கூறும் இதே எண்ணைத்தான் தரும். அதன்பின், அந்த 30 ஆண்டுகளில் உண்மையில் 22 லீப் விநாடிகள் சேர்க்கப்பட்டன என்று சொல்லி, அவை இந்த எண்ணில் எங்கே என்று கேட்டுவிட்டு, பதிலை அடுத்த நாளுக்கு விட்டுவிடலாம்.